கரை ஒதுங்கியது எது?

அத்தியாயம் 7: பெயர் தெரியாத கடற்கரைப் பொருளை அடையாளம் காணும் முறை

பொன்னானிக்குச் சுற்றுலா போய்வந்த பள்ளி ஆசிரியை ஒருவர், ஒரு ஜூலை மாதத்தில் ஆனைகட்டியில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே காப்பிக்கொட்டை நிறத்தில், எண்ணெய் பூசியதுபோல வழவழவென்று ஒரு பொருள். ஒரு பக்கம் லேசாகப் பள்ளம் விழுந்த வட்டம். உள்ளங்கையை நிறைத்தது. கடல் கல் என்று ஒரு பையன் சொன்னானாம். ஆமை முட்டை காய்ந்து இப்படி ஆகியிருக்கும் என்றாளாம் ஒரு சிறுமி. கடையில் விசாரித்ததில் ‘கடலுக்கடியில் விளையும் கொட்டை’ என்று பதில் வந்ததாம்.

நான் வாய் திறப்பதற்குள் வேலியோரம் நின்றிருந்த இருளர் பாட்டி எட்டிப் பார்த்தார். “இது காட்டுக்கொடிக் காய் விதையாச்சே கண்ணு, இதுக்கா இவ்வளவு யோசனை?” என்று கேட்டுவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தார்.

இந்த அத்தியாயத்துக்கு அந்த ஒரு கேள்வியே போதும். கரையில் புதிராக இருப்பது வேறு எங்கோ அன்றாடப் பொருளாக இருக்கும். கிடைத்த இடம் வேறு, பிறந்த இடம் வேறு. பொருளின் பெயரைத் தேடும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மலையில் இருந்துகொண்டு கடலைப் படிப்பது

ஆனைகட்டியிலிருந்து கடலுக்குச் சாலை வழியே 100 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் கடற்கரைப் பொருள்களைப் பற்றிப் பேச இது பொருத்தமான ஊர். கோவை மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் இருக்கிறோம். எல்லை தாண்டினால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. கேரளத்து ஆறுகள் 44ல் 41 மேற்கே அரபிக்கடலுக்குப் போகின்றன. கிழக்கே திரும்புபவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. அட்டப்பாடி வழியாக வரும் பவானி, கூடுதுறையில் காவிரியுடன் சேர்ந்து வங்கக்கடலை நோக்கிப் போகிறது. இடுக்கி மலையில் பிறக்கும் பாம்பாறு அமராவதியாகி, அதுவும் காவிரியில் கலக்கிறது.

அகளி வழியாக முக்காலி வரை போனால் அமைதிப் பள்ளத்தாக்கின் வாசல். அங்கே பாயும் குந்திப்புழை மேற்கே இறங்கி, தூதப்புழையாகி, பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் அரபிக்கடலைத் தொடுகிறது. ஒரே மலைத்தொகுதியில் பக்கத்துப் பக்கத்துச் சரிவுகளில் விழும் இரண்டு விதைகள் இரண்டு வெவ்வேறு கடல்களுக்குப் புறப்பட முடியும்.

கிழக்கே போகும் விதைக்குத் தடைகள் அதிகம். 1955ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையும், அதற்குக் கீழே வரிசையாக உள்ள தடுப்பணைகளும் கதவணைகளும் பெரும்பாலானவற்றைப் பிடித்துவைத்துவிடும். குந்திப்புழையின் மேல்பகுதியிலும் ஒரு அணை வந்திருக்க வேண்டியது. மக்கள் எதிர்ப்பால் அந்த நீர்மின் திட்டம் கைவிடப்பட்டு, 1984ல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. மழைக்காலத்தில் அந்த ஆறு இன்றும் காட்டைச் சுமந்துகொண்டு இறங்குகிறது.

முதல் படி: கையை வைக்கும் முன்

புதிய பொருளைக் கண்டதும் குனிந்து எடுப்பதுதான் எல்லாருக்கும் வரும் பழக்கம். அதைக் கொஞ்சம் அடக்குங்கள். எடுக்கும் முன் மூன்று கேள்விகள்.

ஒன்று, இது நீலமாகவோ, கண்ணாடிபோலவோ, கூழ்போலவோ இருக்கிறதா? இருந்தால் தொட வேண்டாம். மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீன் வகைகளின் இழைகள் கரையில் காய்ந்து கிடக்கும்போதும் கொட்டும். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, 2023 டிசம்பரில், சென்னை பெசன்ட் நகர்க் கரையில் நீல டிராகன் என்ற சிறிய கடல் நத்தை வகை ஒதுங்கியது. விரல் நீளம்கூட இல்லாத அழகான உயிர். ஆனால் தான் தின்னும் நீலக்குமிழிச் சொறியின் கொட்டும் செல்களை அது தன் உடலில் சேமித்து வைத்துக்கொள்கிறது. அழகாக இருக்கிறதே என்று உள்ளங்கையில் ஏந்திய குழந்தை வலியில் துடிக்கும்.

இரண்டு, இது உயிரோடு இருக்கிறதா? கூம்பு வடிவச் சங்கு ஒன்றின் வாய்க்குள் சதை தெரிந்தால் விலகி நில்லுங்கள். கூம்புச் சங்குகளில் சில மனிதரைக் கொல்லும் நஞ்சுள்ளவை.

மூன்று, இது இயற்கைப் பொருள்தானா? மீன் முட்டைபோல வெள்ளையாக, பருப்பளவில், ஆயிரக்கணக்கில் கிடப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் குருணைகள். 2021ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது 1,600 டன்னுக்கு மேற்பட்ட குருணைகள் கடலில் கொட்டின. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கிய பிறகு திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளிலும் இவை வந்து சேர்ந்தன. அந்தக் கப்பலில் தண்ணீர் பட்டால் எரிவாயு வெளிவிடும் கால்சியம் கார்பைடும் இருந்தது. பெட்டி, பீப்பாய், பெயர் தெரியாத பொடி எதுவானாலும் கிட்டே போகாமல் கடலோரக் காவல் படைக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: குறிப்பு எழுதுவது

பொருளை நகர்த்தும் முன் கிடந்தபடியே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். படத்தைப் பார்ப்பவர் அளவைக் கணக்கிட்டுக்கொள்வார். மேல், கீழ், பக்கவாட்டு என்று குறைந்தது மூன்று கோணங்கள் வேண்டும்.

பிறகு எழுதுங்கள். கடற்கரையின் பெயர், தேதி, அதற்கு முந்தைய நாட்களில் மழையா புயலா, அருகே ஆற்று முகத்துவாரம் உண்டா, கூடவே என்னென்ன ஒதுங்கியிருந்தன. கடைசிக் குறிப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூங்கில் துண்டும் ஆகாயத்தாமரையும் கூடக் கிடந்தால் ஆறு கொண்டுவந்த பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். கொட்டலசு ஒட்டிய மரக்கட்டையும் நுரைக்கல்லும் கூடக் கிடந்தால் பல நாள் நடுக்கடலில் மிதந்து வந்திருக்கலாம்.

மூன்றாம் படி: வீட்டில் செய்யும் நான்கு சோதனைகள்

மேலே சொன்ன ஆபத்துகள் இல்லை என்று உறுதியானால் மட்டும் இவற்றைச் செய்யுங்கள். ஆய்வுக்கூடம் தேவையில்லை.

மிதப்பு. ஒரு வாளித் தண்ணீரில் கைப்பிடி உப்பைக் கரைத்துப் பொருளைப் போடுங்கள். மிதந்தால் விதை, கணவாய் ஓடு, நுரைக்கல், மெழுகு வகை ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். மூழ்கினால் கல், கனத்த சங்கு, பவளம், எலும்பு என்ற பக்கம் தேடுங்கள்.

புளிப்பு. ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு உற்றுப் பாருங்கள். பொடிக் குமிழிகள் எழுந்தால் சுண்ணாம்பு உண்டு. சங்கு, சிப்பி, பவளம், கணவாய் ஓடு எல்லாம் பொங்கும். விதையும் நுரைக்கல்லும் சும்மா இருக்கும்.

நகம். நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறதா, மெழுகாகச் சுருள்கிறதா, கீறலே விழவில்லையா என்று பாருங்கள்.

தழும்பு. எல்லா விதைக்கும் காயோடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அவரைக்கொட்டையின் பக்கத்தில் தெரிகிற வெள்ளைக் கோடு போல. இதை விதையின் தொப்புள் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். தொப்புள் கண்டால் விதை. ஐந்து இதழ்ப் பூப்போலக் கோலம் இருந்தால் கடல் முள்ளெலி அல்லது அதன் உறவான மணல் டாலரின் ஓடு.

அடிக்கடி கிடைப்பவை

கணவாய் ஓடு: படகு வடிவில், வெள்ளையாக, எடையே இல்லாமல் இருக்கும். ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் நகம் பட்டாலே உதிரும். கணவாயின் உடலுக்குள் இருந்து அதை மிதக்கவைப்பது இதுதான். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று விற்பதும் இதுவே. பெயரை நம்பி நுரை இறுகிக் கட்டியானது என்று நினைத்துவிடக் கூடாது.

முட்டைக் கூடுகள்: தோல்போன்ற கறுப்புப் பை, மூலைகளில் கொம்பு அல்லது சுருண்ட நூல் இருந்தால், அது முட்டையிடும் சுறா வகைகளுடையது அல்லது அவற்றின் தட்டை உடல் உறவினங்களுடையது. மோதிரங்களை அடுக்கியதுபோல வளைந்த கொம்பு வடிவில் கிடப்பது சங்கு இட்ட முட்டைக்கூடு. மீனவர்கள் அதைச் சங்குப் பூ என்பார்கள்.

நுரைக்கல்: ஓட்டைகள் நிறைந்த, மிதக்கும் கல். எரிமலைக் குழம்பு வாயுவோடு சேர்ந்து உறைந்தது. 1883ல் கிரகடோவா வெடித்தபோது கிளம்பிய நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போயின.

கழற்சிக்காய்: கோலிக்குண்டு அளவு, சாம்பல் நிறம், மிகக் கெட்டி. கடலோர முட்புதரில் காய்ப்பது. சித்த மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் பழக்கமான விதை.

உதளை அல்லது காட்டரளிக் காய்: இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். கேரளத்தின் காயலோரங்களில் வேலியாகவே வளரும் மரம். மலையாளத்தில் ஒதளம். பச்சைக் காய் சின்ன மாங்காயை ஒக்கும். கடலில் ஊறி வந்தது சதை போய், நார் மட்டும் மிஞ்சிய குட்டித் தேங்காய்போல, எடையின்றி இருக்கும். உள்ளே உள்ள பருப்பு இதயத்துடிப்பை நிறுத்தும் நஞ்சு. உடைக்க வேண்டாம். குழந்தை கையில் கொடுக்க வேண்டாம். கரையில் கிடைத்த எந்த விதையையும் வாயில் வைக்கக் கூடாது என்ற விதிக்கு இந்த ஒரு காயே போதுமான காரணம்.

மெழுகுக் கட்டிகள்: சாம்பலாகவோ பழுப்பாகவோ ஒரு கட்டியைக் கண்டதும் பலருக்குத் திமிங்கல வாந்தி, அதாவது அம்பர் என்ற ஆசை வந்துவிடுகிறது. கரையில் கிடப்பதில் பெரும்பாலானவை உறைந்த பாமாயில், மெழுகு, தார்க் கட்டி, அழுகிய கொழுப்பு. உண்மையான அம்பர், ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாவது. அது விழுங்கும் கணவாய்களின் செரிக்காத அலகுகள் அந்தக் கட்டிக்குள் சிக்கியிருப்பதுண்டு. ஸ்பெர்ம் திமிங்கலம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972ன் முதல் அட்டவணையில் உள்ள உயிர். ஆகவே அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் குற்றம். 2022 ஜூலையில் விழிஞ்ஞம் மீனவர்கள் கடலில் கண்டெடுத்த 28 கிலோவுக்கு மேற்பட்ட கட்டியைக் கரைக்குக் கொண்டுவந்து நேராகக் கடலோரக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். கோடிக்கணக்கில் விலை பேசப்படும் பொருள் என்று தெரிந்தே செய்தார்கள். நாம் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி அவர்கள்தான்.

ஒரு பொருளை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

ஆசிரியையின் கைக்குட்டைக்குத் திரும்புவோம். மேலே சொன்ன சோதனைகளை அவரையே செய்யச் சொன்னேன். உப்புத் தண்ணீரில் மிதந்தது. எலுமிச்சைச் சாறு பொங்கவில்லை. நகம் கீறவில்லை. விளிம்பில் ஒரு சின்னத் தொப்புள். ஆகவே விதை. நீளம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.

இந்த நிறத்தில் நம் கரைகளில் ஒதுங்கும் விதைகளில் இரண்டைத்தான் முக்கியமாகப் பிரித்தறிய வேண்டும். பூனைக்காலியின் பெரிய உறவினங்களில் தொப்புள், விளிம்பின் பெரும்பகுதியைச் சுற்றிக் கறுப்புப் பட்டைபோல ஓடும். சில்லுக்கொடியில் அந்தப் பட்டை கிடையாது. சின்னத் தழும்பு மட்டும். எங்கள் கையில் இருந்தது சில்லு. மலையாளத்தில் காக்கவள்ளி. அறிவியல் பெயர் எண்டாடா ரீடி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மரத்துக்கு மரம் தாவிப் படரும் பெருங்கொடி இது. காய் ஒரு மீட்டரைத் தாண்டித் தொங்கும். அவரைக் குடும்பத்தின் மிகப் பெரிய காய்களில் ஒன்று. முற்றியதும் காய் கணுக்கணுவாகக் கழன்று விழும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு விதை. ஓடையோரத்துக் கொடியாக இருந்தால் விதை நேரே தண்ணீரில் விழும். விதையின் இரண்டு பருப்புகளுக்கு இடையில் காற்று நிறைந்த இடைவெளி இருக்கிறது. மேலே தண்ணீர் புகாத கெட்டித் தோல். படகுக்குத் தேவையான இரண்டும் ஆயிற்று. மாதக்கணக்கில் உப்புநீரில் கிடந்தாலும் உள்ளே முளை உயிரோடிருக்கும்.

பெயரில் உள்ள ‘ரீடி’ பதினேழாம் நூற்றாண்டில் மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடைக் குறிக்கும். அவர் தொகுப்பித்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. செடிகளின் பெயரையும் பயனையும் சொல்லித் தந்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியர். இந்தக் கொடியும் அந்த நூலில் மலையாளப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. அந்த லத்தீன் நூலை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்தவர் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால். அமைதிப் பள்ளத்தாக்கின் தாவரங்களைத் தொகுத்து நூலாக்கியவரும் அவரே. வேலியோரத்துப் பாட்டியிடம் இருந்த அறிவு அன்றும் நூல்களுக்கு முந்தியே இருந்தது.

இதே கொடியின் அமெரிக்க உறவினத்து விதைகள் அட்லாண்டிக் நீரோட்டத்தில் நார்வே வரை போய் ஒதுங்கின. அந்தக் கொடியைக் கண்டே இராத அங்குள்ள மக்கள், சுகப்பிரசவத்துக்கான தாயத்தாக விதையை வைத்துக்கொண்டார்கள்.

பெயரே தவறிய கதை

கிடைத்த இடத்தைப் பிறந்த இடமாக நினைத்ததற்குப் பெரிய சாட்சி கடல் தேங்காய். இரட்டைத் தேங்காய் வடிவில், உலகிலேயே மிகப் பெரிய விதை. பல நூற்றாண்டுகள் மாலத்தீவிலும் இந்தியக் கரைகளிலும் ஒதுங்கியது. மரத்தை யாரும் பார்த்ததில்லை. ஆகவே கடலுக்கடியில் ஒரு மரம் இருப்பதாகவே நம்பினார்கள். 1768ல் செஷல்ஸ் தீவுகளில் அந்தப் பனை இனத்தைக் கண்ட பிறகுதான் புதிர் அவிழ்ந்தது. முளைவிடக்கூடிய நல்ல விதை தண்ணீரில் மூழ்கிவிடும். உள்ளீடு அழுகிப்போன வெற்றுக்கூடுதான் மிதந்து வந்துகொண்டிருந்தது. அதன் அறிவியல் பெயரில் இன்றும் ‘மால்டிவிகா’ என்று மாலத்தீவின் பெயரே நிற்கிறது, அங்கே அது விளைவதில்லை என்றபோதும்.

எடுத்து வரலாமா?

பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை, நாட்டிலஸ் ஓடு, ராட்சதச் சிப்பி ஆகியவை சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. செத்துக் காய்ந்து கிடந்தாலும் எடுக்கக் கூடாது. ஆமை, டால்பின், கடல் பசு, திமிங்கலம் ஒதுங்கினால் வனத்துறைக்குத் தகவல் சொல்வது நம் கடமை. காலி ஓடாகவே இருந்தாலும் துறவி நண்டுக்கு அது வீடு. ஒரு விதையோ கணவாய் ஓடோ படிப்பதற்கு ஒன்று போதும். பை நிறையத் தேவையில்லை.

யாரிடம் கேட்பது?

முதலில் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மூத்த மீனவரிடம். பொருளை நீட்டி “இது என்னங்க ஐயா?” என்று கேளுங்கள். உங்கள் ஊகத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால் மரியாதைக்காக ஆமோதித்துவிடுவார்கள். விதை என்றால் மலையில் இருப்பவர்களிடமும் காட்டுங்கள். செடி வகைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. கடல் உயிர் வகைக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். தலைமையகம் கொச்சி, தமிழ்நாட்டில் மண்டபத்திலும் மையம் உண்டு.

கடைசிப் படி: சீட்டு எழுதுவது

பெயர் தெரிந்ததோடு வேலை முடியவில்லை. பொருளோடு ஒரு சீட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அது மறுபடி புதிர்தான். சீட்டில் உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

ஆசிரியை அன்று முதலில் எழுதிய வரி “அமைதிப் பள்ளத்தாக்கிலிருந்து பொன்னானிக்கு மிதந்து வந்த விதை” என்பது. அழகான வரி. ஆனால் நமக்கு அது தெரியாது. குந்திப்புழையில் இறங்கியிருக்கலாம். இதே கொடி தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வளர்கிறது. கடல் கடந்தும் வந்திருக்கலாம். சிறிது நேரம் யோசித்துவிட்டு அவரே அடித்து மாற்றி எழுதினார்:

பொருள்: சில்லுக்கொடி விதை.
கிடைத்த இடம்: பொன்னானிக் கடற்கரை, ஜூலை, மழைக்காலம்.
பிறந்த இடம்: ஏதோ ஒரு மழைக்காடு.
பெயர் சொன்னவர்: ஆனைகட்டி இருளர் பாட்டி.

நாலாவது வரியை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் அந்த வரிக்கு இடம் விடுங்கள்.